நீச்சல் குளத்துக்கு வழுக்காத டைல்ஸ்: தேர்வு முதல் கிரவுட் வரை

வீட்டில் நீச்சல் குளம் கட்டுபவர்கள் டைல்ஸின் நிறத்துக்கும் டிசைனுக்கும் வாரக்கணக்கில் அலைவார்கள். டைல்ஸ்களுக்கு இடையே உள்ள கோடுகளை நிரப்பும் பூச்சான கிரவுட்டை மட்டும் கடைசி நாளில் கொத்தனார் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பாதத்தைப் பிடித்து நிறுத்தும் அதே சொரசொரப்பு கிரவுட்டையும் பிடித்துக்கொள்ளும், அழுக்கையும் பாசியையும் பிடித்துக்கொள்ளும். அதனால் எந்த இடத்துக்கு எவ்வளவு சொரசொரப்பு தேவை என்ற கணக்கிலிருந்து தொடங்குவோம்.

1. இடம் பிரித்துக்கொள்ளுங்கள்

குளம் முழுக்க வழுக்காத டைல்ஸ் வேண்டியதில்லை. ஈரக்காலோடு நடக்கும் குளக்கரை, உள்ளே இறங்கும் படிகள், குழந்தைகள் நின்று விளையாடும் ஆழம் குறைந்த தரை, சரிவாக இறங்கும் பகுதி ஆகிய இடங்களுக்குத்தான் அது அவசியம். பக்கச் சுவருக்கும் கால் எட்டாத ஆழத்துக்கும் வழவழப்பான டைல்ஸே நல்லது. பாசி பிடித்தாலும் ஒரே தேய்ப்பில் போய்விடும்.

படிகளின் விளிம்புக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். தண்ணீருக்குள் படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாததாலும் பலர் விழுகிறார்கள். குளக்கரைக்கு அடர் நிறம் வேண்டாம், வெயிலில் பாதம் சுடும்.

2. பெட்டியில் உள்ள குறியீட்டைப் படியுங்கள்

கடையில் R10, R11 என்று சொல்வார்கள். அது காலணி போட்ட காலுக்கான அளவு. எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் சோதித்துக் கொடுப்பது. குளத்துக்கு நீங்கள் கேட்க வேண்டியது வெறுங்கால் சோதனையின் A, B, C வகுப்பு. சோப்பு நீர் ஓடும் சாய்தளத்தில் ஒருவரை வெறுங்காலோடு நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்க்கும் சோதனை இது. A என்றால் குறைந்தது 12 டிகிரி, B என்றால் 18, C என்றால் 24. குளக்கரைக்கு B போதும். நீருக்குள் இறங்கும் படிக்கும் சரிவுக்கும் C வாங்குங்கள்.

அடுத்து நீர் உறிஞ்சும் அளவு. 0.5 சதவீதத்துக்கு மேல் போகாத விட்ரிஃபைட் டைல்ஸ் அல்லது கண்ணாடி மொசைக்தான் குளத்துக்கு ஏற்றது. சாதாரணச் சுவர் செராமிக் 10 சதவீதத்துக்கு மேலும் நீர் குடிக்கும். அதைக் குளத்தில் ஒட்டவே கூடாது.

3. சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

குறியீட்டோடு நின்றுவிடாதீர்கள். ஒரு சாம்பிளைத் தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, பெருவிரலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். பிறகு உள்ளங்கையால் வேகமாகத் தேயுங்கள். கை எரிந்தால் குழந்தைகளின் முட்டியும் அப்படித்தான் உராயும், அதை விட்டுவிடுங்கள். கடைசியாக, கொஞ்சம் கிரவுட்டைக் கரைத்து மேலே பூசி, அரை மணி நேரம் கழித்து ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். பள்ளங்களில் வெள்ளைப் படலம் தங்கினால் குளம் முழுக்க அதே கதைதான். இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை. என்னைக் கேட்டால் மூன்றில் இதுவே முக்கியம்.

மொசைக் வாங்கினால் இன்னொரு வழியும் உண்டு. 2.5 செ.மீ. சதுரங்களில் கிரவுட் கோடுகள் அதிகம், அந்தக் கோடுகளே பாதத்துக்குப் பிடிமானம் தரும். ஆனால் கிரவுட் செலவு கூடும். 3 மி.மீ. இடைவெளியில் 4 மி.மீ. தடிமன் மொசைக்குக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ ஆகும், 30 செ.மீ. டைல்ஸ், 8 மி.மீ. தடிமன், 5 மி.மீ. இடைவெளி என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு.

4. சிமென்ட் கிரவுட்டா, எபாக்ஸியா?

தண்ணீருக்குள் இருக்கும் பகுதிக்கு எபாக்ஸியே (இரண்டு டப்பாக்களாக வரும், கலந்ததும் இறுகும் பிசின் கிரவுட்) என் தேர்வு. குளோரினும் அமிலத்தன்மையும் அதை எளிதில் அரிக்காது, நீரும் உள்ளே இறங்காது. விலை அதிகம்; வேலை செய்யக் கிடைக்கும் நேரமும் குறைவு. பட்ஜெட் இடம் தராவிட்டால், குளத்துக்கென்றே விற்கும் பாலிமர் கலந்த சிமென்ட் கிரவுட்டை வாங்கலாம். சொரசொரப்பு மிக அதிகமான குளக்கரை டைல்ஸில் எபாக்ஸி படலத்தை எடுப்பது பெரும்பாடு, அங்கே சிமென்டே சுலபம்.

5. கிரவுட்டுக்கு முன்

டைல்ஸ் ஒட்டும் முன்பே குளத்தை நிரப்பிக் கசிவு பார்த்திருக்க வேண்டும். கிரவுட் நீர்த்தடுப்பு அல்ல. கசியும் குளத்தை எந்தக் கிரவுட்டும் காப்பாற்றாது. ஒட்டிய பசை காய்ந்ததும் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். 'டொக்கு டொக்கு' என்று வெற்று ஓசை வந்தால் பெயர்த்து மறுபடி ஒட்டுங்கள். இடைவெளிகளில் பிதுங்கிய பசையைச் சுரண்டி, தூசியை வாக்வம் கிளீனரால் உறிஞ்சுங்கள்.

6. கிரவுட் போடுவது

சிமென்ட் கிரவுட்: பையில் சொன்ன அளவு தண்ணீரை வாளியில் முதலில் ஊற்றி, தூளைப் பிறகு சேர்த்து, மெதுவாகச் சுழலும் டிரில்லால் கலக்குங்கள். பற்பசை பதம் வரட்டும். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். இறுகத் தொடங்கியதும் தண்ணீர் சேர்த்து இளக்க வேண்டாம், பின்னால் மாவாக உதிரும்.

எபாக்ஸி: இரண்டு டப்பாவையும் முழுதாகக் கலக்கவும். பாதிப் பாதியாகக் கண்ணளவில் பிரித்தால் இறுகாது. கலந்ததை வாளியிலேயே வைக்காமல் உடனே பரப்புங்கள். குவிந்து கிடந்தால் அதன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும். கையுறை கட்டாயம்.

ரப்பர் ஃப்ளோட்டை (அடியில் ரப்பர் ஒட்டிய தேய்ப்புப் பலகை) சாய்த்துப் பிடித்து, கோடுகளுக்குக் குறுக்காக மூலைவாட்டில் அழுத்தித் தேயுங்கள். கோட்டின் மேல்பகுதி மட்டும் நிரம்பி அடியில் காற்று தங்கினால் சில மாதங்களில் ஊசித்துளைகள் தெரியும். ஒரு சதுர மீட்டர் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பிறகு ஃப்ளோட்டை நிமிர்த்தி, மேலே மிஞ்சியதை வழித்தெடுங்கள்.

சிமென்ட் என்றால் விரலில் ஒட்டாத நிலை வந்ததும் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் வட்டமாகத் துடையுங்கள். எபாக்ஸி என்றால் காத்திருக்க வேண்டாம், நீரும் வெள்ளை நைலான் பேடும் கொண்டு அப்போதே கழுவத் தொடங்குங்கள். இறுகிவிட்டால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

7. மூலைகளை விட்டுவிடுங்கள்

சுவரும் தரையும் சேரும் மூலை, குளமும் கரையும் சேரும் விளிம்பு, விளக்கு மற்றும் குழாய்களின் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் கிரவுட் போட்டால் வெடிக்கும். குளத்துக்கேற்ற சீலன்ட் (ரப்பர் போல் நெகிழும் அடைப்புப் பசை) கொண்டு அங்கே அடையுங்கள்.

8. தண்ணீர் விடுவது

எபாக்ஸிக்குப் பொதுவாக 7 நாள், சிமென்ட் கிரவுட்டுக்கு இரண்டு மூன்று வாரம். பையில் இதைவிட அதிகம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சிமென்ட் கிரவுட்டை முதல் சில நாள் வெயிலில் காயவிடாமல் ஈரமாக வைத்திருங்கள். நிரப்பும்போது நாளுக்கு 75 செ.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். நிரம்பியதும் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் pH அளவை 7.2 முதல் 7.6 வரை வைத்திருங்கள். அதற்குக் கீழே போனால் தண்ணீர் சிமென்ட் கிரவுட்டை மெல்ல மெல்லக் கரைக்கும். படலம் போகவில்லை என்று யாராவது ஆசிட் ஊற்றச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். டைல்ஸ் பளிச்சென்று ஆகும், கோடுகளில் இருந்த கிரவுட் பாதி போய்விடும்.