மாட்டிறைச்சி காய்கறி சூப்: ருசியைக் கெடுக்கும் தவறுகள்

மாட்டிறைச்சி சூப் சப்பென்று இருந்தால் பலரும் மிளகுத்தூளைத்தான் தேடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் கறிக்கடையிலேயே தொடங்கிவிடுகிறது. எலும்பும் சவ்வும் இல்லாத தனிக்கறியாகப் பார்த்து வாங்குவதே முதல் தவறு. அந்தச் சதை நெடுநேரம் வெந்தால் சக்கையாகிவிடும். சூப்புக்கு ஏற்றது மாடு நன்றாக உழைத்த பகுதி: கால் சதை, நெஞ்சுக்கறி, கழுத்துக்கறி. அவற்றில் வெள்ளையாக ஓடும் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல மெல்ல ஜெலட்டின் என்ற பசையாக மாறும்போதுதான் சாறு உதட்டில் இலேசாக ஒட்டும். அரைக் கிலோ கறியோடு இரண்டு நல்லி எலும்பும் கேட்டு வாங்குங்கள்.

கழுவிய கறியை ஈரத்தோடு சட்டியில் கொட்டாதீர்கள். நீர் வற்றும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவக்க அதைவிட அதிகச் சூடு தேவை. துணியால் ஒற்றி எடுத்து, ஒரு தடவைக்கு நான்கைந்து துண்டுகள் மட்டும் போட்டு வறுக்க வேண்டும். அடியில் பிடிக்கும் பழுப்பு நிறப் பற்றைக் கருகல் என்று நினைத்துக் கழுவிக் கொட்டுகிறார்கள். சூப்பின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. சிறிது வெந்நீர் ஊற்றிச் சுரண்டினால் எல்லாம் சாற்றில் கரைந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அடுப்பை முழுத்தீயில் வைப்பது. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிச் சாற்றோடு கலந்து, சூப் கலங்கிப் பிசுபிசுக்கும். கறியும் இறுகும். ஒரு கொதி வந்ததும் சாம்பல் நிற நுரையைக் கரண்டியால் வழித்துவிட்டுத் தீயைக் குறையுங்கள். சட்டியின் நடுவே ஒன்றிரண்டு குமிழ்கள் விட்டுவிட்டு எழும்பினால் போதும். இப்படி இரண்டு, இரண்டரை மணி நேரம். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் தாராளமாகக் குக்கரில் வைக்கலாம். ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே சாறு குமுறிக் கொதித்து அதே கலங்கல் வந்துவிடும்.

காய்களைக் கறியோடு சேர்த்தே போடுவது இன்னொரு வழக்கம். கறி மெத்தென்று ஆவதற்குள் கேரட் குழைந்து, பீன்ஸ் நிறம் மங்கிவிடுகிறது. கறி முக்கால்வாசி வெந்த பிறகு கேரட்டும் உருளைக்கிழங்கும், இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன் பீன்ஸ், கடைசியில் பட்டாணி என்று போடுங்கள். தக்காளியை உருளைக்கிழங்கு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு ஏறிய சாற்றில் கிழங்கு எளிதில் வேகாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் கறுக்கென்று நிற்கும்.

உப்பைத் தொடக்கத்தில் குறைவாகப் போடுங்கள். சாறு வற்ற வற்ற உப்பு ஏறும்.

மீந்த சூப்பை இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே விட்டுவிட்டுக் காலையில் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவது ஆபத்தானது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை; சூப் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகும். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் விரைவில் ஆறும். 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை வேண்டிய அளவு வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்கலாம்.