சாகஸ் நோய் இருக்கறவங்க பிஎன்பி ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும்

மொதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், பிஎன்பிங்கறது இதயம் ரத்தத்துல விடற ஒரு ஹார்மோனை அளக்கற ரத்த டெஸ்ட், சாகஸ் நோயைக் குடுக்கற ஒட்டுண்ணி உடம்புல இருக்கா இல்லையான்னு அது சொல்லவே சொல்லாது. சாகஸ் இருக்கான்னு பாக்க ஆன்டிபாடி டெஸ்ட் தான், அதுவும் ரெண்டு வேற வேற முறையில பண்ணி ரெண்டும் பாசிட்டிவா வரணும். பிஎன்பி அதுக்கு அப்புறம் வர்ற கேள்விக்கு, அதாவது பூச்சி கடிச்சு வருஷக்கணக்கா ஆன பிறகு இதயம் எந்த நிலைமையில இருக்குங்கறதுக்கு.

பிரேசில்ல பார்பெய்ரோ, பொலிவியால வின்சுகான்னு சொல்ற பூச்சியோட எச்சம் வழியா ட்ரிபனோசோமா குரூசிங்கற அந்த ஒட்டுண்ணி உள்ள வருது. 1909ல கார்லோஸ் சாகஸ் கண்டுபிடிச்சது. பாதிக்கப்பட்டவங்கள்ல 20லேர்ந்து 30 சதவீதம் பேருக்கு, பத்து இருபது வருஷம் சத்தமே இல்லாம இருந்துட்டு, இதயத்துல பிரச்சனை வரும். தசை செத்து தழும்பாகி, இதயம் பெருத்து, சுவர் இழுபடும்போது கீழறை இந்த பிஎன்பி ஹார்மோனை ரத்தத்துல விடும். (பிஎன்பியோட முழுப்பேரு ப்ரெயின் நேட்ரியூரெட்டிக் பெப்டைட். பேருல ப்ரெயின் இருக்கறது 1988ல பன்னி மூளையிலேர்ந்து மொதல்ல எடுத்ததால, வேற ஒண்ணும் இல்ல.)

ரிப்போர்ட் வந்ததும் நம்பரைப் பாக்காதீங்க, டெஸ்ட் பேரைப் பாருங்க. பிஎன்பியா, என்டி-ப்ரோபிஎன்பியா? ரெண்டும் ஒரே மூலத்துலேர்ந்து உடைஞ்சு வர்றது தான், ஆனா பிஎன்பி ரத்தத்துல 20 நிமிஷத்துல பாதியாயிடும், மத்தது ஒண்ணு ரெண்டு மணி நேரம் தாங்கும், அதனால நம்பர் ஒத்துப்போகவே போகாது. அவசரம் இல்லாத நேரத்துல எடுத்தா பிஎன்பி 35க்குள்ள, என்டி-ப்ரோபிஎன்பி 125க்குள்ள (பிகோகிராம், ஒரு மில்லிலிட்டருக்கு) இருந்தா ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் தேவையான அளவு பம்ப் பண்ண முடியாத நிலை) இருக்க வாய்ப்பு கம்மி.

கூட இருந்தா உடனே சாகஸ் மேல பழி போடாதீங்க. வயசானாலே ஏறும், கிட்னி கெட்டா ஏறும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கில்லாம துடிக்கறது) இருந்தா ஏறும். குண்டா இருக்கறவங்களுக்கு நேர் எதிர், இதயம் மோசமா இருந்தாலும் நம்பர் கம்மியா காட்டி ஏமாத்தும். ஹார்ட் ஃபெயிலியருக்குக் குடுக்கற, சாகுபிட்ரில் கலந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு பிஎன்பி ஏறலாம், அவங்க என்டி-ப்ரோபிஎன்பி எடுக்கறதுதான் சரி.

இப்போ நெறைய பேர் கோட்டை விடற இடம். நம்பர் நார்மல், அதனால இதயம் நார்மல்னு நெனைக்கிறாங்க, சாகஸ்ல அது தப்பு. இந்த நோய் தசைக்கு முன்னாடியே மின்சாரப் பாதையில கை வைக்கும், இசிஜில ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்கும் லெஃப்ட் ஆன்டீரியர் பிளாக்கும் (ரெண்டுமே அந்தப் பாதையில வர்ற அடைப்பு) சேர்ந்து வர்றது இதோட கைரேகை மாதிரி. இதயத்தோட நுனியில சின்னதா ஒரு வீக்கம் இருக்கும், பம்பிங் நல்லாவே இருக்கும், பிஎன்பி அமைதியா இருக்கும், ஆனா துடிப்பு தாறுமாறாகி ஆள் திடீர்னு விழுந்துடலாம். அதனால இசிஜி தான் மொதல்ல, அது மாறியிருந்தா எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்), கூடவே ஹோல்டர் (ஒரு நாளோ அதுக்கு மேலயோ உடம்புல மாட்டிக்கிட்டு எடுக்கற இசிஜி). தலைசுத்தி விழுந்தா ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

அடுத்த தடவை எடுக்கும்போது அதே டெஸ்ட், முடிஞ்சா அதே லேப். 400 இருந்தது 440 ஆனா அது பெருசா ஒண்ணும் இல்ல, தானா ஏறி இறங்கறதுதான். 30 சதவீதத்துக்கு மேல போனா பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு டாக்டரைப் பாருங்க.