ஏ.டி.எச்.டி.யோ என்று சந்தேகமா? ஓ.பி. சீட்டுக்கு முன்னால் ஒரு நோட்டு

சாவியை மறந்தாலே ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) என்று ரீல்ஸ் பார்த்து முடிவுகட்டுகிறவர்கள் ஒருபக்கம். "மூணு மணி நேரம் கேம் ஆடுறவனுக்குக் கவனம் இல்லையாம், எல்லாம் கொழுப்பு" என்கிற வீட்டார் மறுபக்கம். இரண்டுமே தப்பு. கவனம் இல்லாமல் போவதில்லை, வேண்டிய இடத்தில் நிறுத்த முடிவதில்லை. பிடித்த விஷயத்தில் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்கவும் முடியாது.

கவனக்குறைவுக்கு 9, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் 9 என அறிகுறிகள் உண்டு. ஏதாவது ஒரு பட்டியலில் சிறுவர்களுக்கு 6, 17 வயதிலிருந்து 5 இருக்க வேண்டும். ரீல்ஸ் இதோடு நின்றுவிடும். டாக்டர் மேற்கொண்டு கேட்பார்: 12 வயதுக்கு முன்பே இருந்ததா, 6 மாதமாவது நீடிக்கிறதா, வீடு, வேலை என்று இரண்டு இடத்திலாவது தெரிகிறதா, பிழைப்பைக் கெடுக்கிறதா. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதை உறுதி செய்யாது. அதனால் நீங்கள் கொண்டுபோகும் விவரம்தான் முக்கியம்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். "மறதி அதிகம்" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய். வண்டிச் சாவி தேடி 25 நிமிடம். திருப்பாப்புலியூரில் புதுச்சேரி பஸ் போய்விட்டது. அரை நாள் சம்பளம் பிடித்தம். முந்தின இரவு தூக்கம் 5 மணி நேரம்." தூக்கத்தை விட்டுவிடாதீர்கள். குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், தைராய்டு, ரத்தசோகை, பதற்றம், மனச்சோர்வு, குடி, கஞ்சா எல்லாமே இதே மாதிரி கவனத்தைக் குலைக்கும். சின்ன வயதில் சுவடே இல்லாமல் 30 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான்.

அடுத்தது பரண். மூன்றாவது முதல் ஐந்தாவது வரை உள்ள ரேங்க் கார்டுகளைத் தேடுங்கள். மார்க்கைவிட டீச்சர் எழுதிய குறிப்புதான் தேவை. "கெட்டிக்காரன், கவனம் போதாது" என்ற ஒரு வரி போதும், பேச்சு அங்கிருந்து ஆரம்பிக்கும். பெண் பிள்ளைகள் பலர் வாலாட்டாமல் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள். சமர்த்து என்று யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அம்மாவிடம் கேட்கும்போது "சேட்டை பண்ணினேனா?" என்பதோடு நிறுத்தாமல் "எத்தனை குடை, டிபன் பாக்ஸ் தொலைத்தேன்?" என்றும் கேளுங்கள்.

ஏ.டி.எச்.டி.க்கான உலக சுகாதார நிறுவனத்தின் 6 கேள்விப் படிவத்தையும் (ASRS) நிரப்பலாம். 4 கேள்வி அல்லது அதற்கு மேல் தேறினால் டாக்டரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேட்பது கடந்த 6 மாதத்தை. போன வார எரிச்சலை வைத்து டிக் அடித்தால் எல்லாமே தேறிவிடும்.

கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர் மனநலத் துறை. நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

நண்பரின் மாத்திரையைப் போட்டுப் பார்த்து, "கவனம் வந்துவிட்டது, அப்போ எனக்கும் இருக்கிறது" என்று கணக்குப் போடாதீர்கள். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை இந்தக் கோளாறு இல்லாதவரையும் விழிப்பாக்கும், நாடித்துடிப்பையும் பி.பி.யையும் ஏற்றும். போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது. குடும்பத்தில் இதயநோய் இருந்தால் அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.