பவர்லைன் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகும் முன்

கீழக்கரையில் பழைய வீடுகளின் சுவர்கள் மிகத் தடித்தவை. கூடத்தில் வைத்த ரவுட்டரின் வைஃபை இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும். சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்கவும் வீட்டார் எளிதில் உடன்படுவதில்லை. ஆகவே, வீட்டு மின்கம்பியின் வழியாகவே இணையத்தை அடுத்த அறைக்குக் கொண்டுசெல்லும் பவர்லைன் அடாப்டரை நான் அடிக்கடி நாட வேண்டியிருக்கிறது. ரவுட்டருக்கு அருகில் ஒன்று, அடுத்த அறையில் ஒன்று என்று இது ஜோடியாக இயங்கும். தொண்டி முதல் ஏர்வாடி வரை வீடுகளுக்கு இணைய இணைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள், தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள் என்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்பைக் பஸ்டரில் அடாப்டரைச் செருகுவது

இன்றும் எனக்குச் சினமூட்டும் தவறு இதுதான். மிகை மின்னழுத்தத்திலிருந்து கருவிகளைக் காக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையே ஸ்பைக் பஸ்டர் என்கிறோம்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அடாப்டரோ அதே கம்பியின் மீது மிக வேகமாக அலையும் மெல்லிய குறிகைகளை (சிக்னல்களை) ஏற்றி அனுப்புகிறது. அடாப்டர்களுக்கான தரங்களில் ஹோம்பிளக் ஏவி வகை 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், ஏவி2 வகை 86 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இயங்கும். இரைச்சல் வடிகட்டியுடன் வரும் ஸ்பைக் பஸ்டரின் வேலை, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தடையின்றி விட்டுவிட்டு, அதற்கு மிகமேலான அதிர்வெண்களை இரைச்சல் என்று கருதி விழுங்குவது. அடாப்டர் அனுப்பும் தரவும் அந்த இரைச்சலோடு சேர்ந்தே விழுங்கப்படுகிறது.

அதனுள்ளே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு சிறு கண்டன்சர் இருக்கும். அது 0.1 மைக்ரோபாரட் என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸுக்கு அது காட்டும் தடை ஏறத்தாழ 32,000 ஓம். 10 மெகாஹெர்ட்ஸுக்கு, ஏட்டுக் கணக்கின்படி, கால் ஓம்கூட இல்லை. அதாவது, நம் தரவுக்கு அந்த இடத்தில் இரண்டு கம்பிகளும் ஒன்றாகக் கட்டப்பட்டது போலத்தான். வடிகட்டி இல்லாத மலிவான பெட்டிகளிலும், மிகை மின்னழுத்தத்தைத் தாங்க வைக்கும் வேரிஸ்டருக்கே சிறிதளவு கண்டன்சர் குணம் உண்டு. அதுவும் தன் பங்குக்குக் குறிகையைக் குறைக்கும்.

தொழில் தொடங்கிய புதிதில் கீழக்கரையில் ஒரு வீடு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோடு மாடியறையில் இருந்தபடியே தாயார் காணொளியில் பேச வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதற்கு அஞ்சி, விலையுயர்ந்த ஸ்பைக் பஸ்டர்களை மேலும் கீழும் வைத்திருந்தார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எண்ணி இரண்டு அடாப்டர்களையும் அவற்றிலேயே செருகினேன். ரவுட்டருக்கு அருகில் 50 எம்பிபிஎஸ் வந்த இணைப்பு, மாடியில் 3 எம்பிபிஎஸ்கூட நிலையாக வரவில்லை. “புள்ள முகம் அப்படியே நின்னு போவுது தம்பி” என்று அந்தத் தாயார் வருந்திச் சொன்னார். ரவுட்டரின் அமைப்புகளை மாற்றினேன்; கேபிளை மாற்றினேன்; இறுதியில், இன்னும் அதிக வேகம் அச்சிட்ட இரண்டாவது ஜோடியை வாங்கச் சொன்னேன். அதுவும் அப்படியே தடுமாறியது. மூன்றாம் முறை சென்றபோது மாடியில் ஸ்பைக் பஸ்டரில் இடம் இல்லாததால் அடாப்டரைச் சுவரில் செருகினேன். வேகம் உடனே 20ஐத் தாண்டியது. கீழே இருந்ததையும் சுவருக்கு மாற்றியதும் 40 வந்தது. பழைய ஜோடியிலும் அதே அளவு வேகம் வந்ததைக் கண்டபோதுதான், அவர்களுடைய பணத்தை வீணாக்கிவிட்டேன் என்று விளங்கியது. இரண்டாவது ஜோடியின் விலையை நான் திருப்பிக் கொடுத்தேன்.

அடாப்டரைச் சுவரிலேயே செருக வேண்டும் என்று அதனுடன் வரும் தாளில் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல், அடாப்டர் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். வரிசையை மாற்றினாலே போதும்: முன்பக்கம் பிளக் துளை உள்ள அடாப்டரை வாங்கிச் சுவரில் செருகி, ஸ்பைக் பஸ்டரை அந்தத் துளையில் செருகுங்கள். அத்துளைக்குப் பின்னால் உள்ள வடிகட்டி, ஸ்பைக் பஸ்டரும் அதில் மாட்டிய சார்ஜர்களும் தரவைக் கெடுக்காதபடி பிரித்து வைக்கும். துளையில்லாத அடாப்டர் என்றால், ஸ்பைக் பஸ்டரை அதே சுவிட்ச் போர்டில் வைக்காமல் சில மீட்டர் தள்ளி வேறொரு போர்டுக்கு மாற்றுங்கள். ஒரே போர்டில் பக்கத்தில் இருந்தாலும் அது தரவை உறிஞ்சும்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகம்

600 என்று போட்டிருக்கும் பல அடாப்டர்களின் ஈத்தர்நெட் துளையே 100 எம்பிபிஎஸ்தான்.

எர்த் கம்பி இல்லாத எக்ஸ்டென்ஷன்

அருகில் பிளக் பாயின்ட் இல்லாத அறைகளில் எக்ஸ்டென்ஷனைத் தவிர்க்க இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வடிகட்டி இல்லாத, நீளம் குறைந்த, மூன்று கம்பிகள் கொண்ட சாதாரணப் பெட்டி என்றால் சற்று வேகம் குறைந்தாலும் வேலை நடக்கும். ஆனால் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் மூன்று முள் பிளக்கின் உள்ளே இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். ஏவி2 அடாப்டர்களில் இரட்டை வழி வசதி உள்ளவை, பேஸ், நியூட்ரலோடு எர்த் கம்பியையும் தரவுக்குப் பயன்படுத்துபவை. அந்தக் கம்பி இல்லையென்றால் நீங்கள் கூடுதல் விலை கொடுத்ததன் பயன் போய்விடும். அதே பெட்டியில் யாராவது குளிர்சாதனப் பெட்டியை மாட்டினால், அது உயிருக்கும் ஆபத்து. பிளக்கைத் திறந்து கம்பிகளை எண்ணிப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

உப்புக்காற்று

பாம்பன், மண்டபம் பகுதிகளில், அதுவும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், தென்கடலைப் பார்த்த சன்னலருகே கிடக்கும் பெட்டியைத் திறந்தால் பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால் அது காய்வதே இல்லை. களிம்பேறித் தளர்ந்த தகடு முள்ளை இறுகப் பிடிக்காது. பொடிப்பொடியாகத் தீப்பொறி எழும். அந்தப் பொறியே இரைச்சலாகி, காரணம் தெரியாமல் இணைப்பு அவ்வப்போது அறும். பிளக் சூடேறியிருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பெட்டியையே மாற்றுங்கள்.

மூன்று பேஸ் வீடுகள்

இரண்டு அடாப்டர்களும் ஒரே பேஸில் இருக்கட்டும்.

இன்வெர்ட்டர்

கரண்ட் இருக்கும்போது நன்றாக ஓடிய இணைப்பு, கரண்ட் போனதும் நின்றுவிட்டது என்று அழைப்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் ரவுட்டரும் ஓர் அடாப்டரும் இன்வெர்ட்டர் லைனிலும், மற்றோர் அடாப்டர் சாதாரண லைனிலும் இருக்கும். கரண்ட் போனால் இந்த இரண்டாவது அடாப்டர் அணைந்துவிடும். கரண்ட் இருக்கும்போதும் எல்லாம் சரி என்று கொள்ள இயலாது. குறிகை இன்வெர்ட்டரைக் கடந்து போக வேண்டியிருப்பதால் அது முன்னமே நலிந்திருக்கும். இரண்டு அடாப்டர்களையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனிலேயே வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை இறக்கி, மாடியறையில் காணொளி அழைப்பு நீடிக்கிறதா என்று வீட்டாரோடு சேர்ந்து சில நிமிடங்கள் பார்த்த பிறகே நான் கூலி வாங்குகிறேன்.