ஷூக்குள்ள மணல்: கடைசில தையல்தான் கைகொடுத்துச்சு

மாரத்தான் டெ சாப்ல் தெரியும்ல, மொராக்கோ சஹாராவுல 1986லேந்து நடக்குது, சுமார் 250 கிமீ, ஒரு வாரச் சாப்பாட்டையும் முதுகுல தூக்கிட்டே ஓடணும். அதுக்காக மணல்ல பயிற்சி எடுக்கும்போதெல்லாம் விரலுக்கு அடியில கொப்புளம், கொஞ்ச நேரத்துல தாகம் தூரம் எதுவும் நினைப்புல இருக்காது, விரல் மட்டும்தான்.

டேப் சுத்தினேன், வேர்வையில உரிஞ்சு அதுவே உறுத்துச்சு. விரல் சாக்ஸ் சுமார். கெய்ட்டர்னு, மணல் உள்ள போகாம ஷூ மேல மாட்டுற துணி உறை இருக்குல்ல, அதுல கணுக்காலை மட்டும் மூடுற குட்டி ரகம் சுத்த வேஸ்ட்.

சாக்ஸை உதறினப்பதான் கவனிச்சேன், கணுக்கால் பக்கம் சுத்தமா இருக்கு, மாவு மாதிரி மணல் மொத்தமும் விரல் பக்கம். மேல வழியா வரவே இல்ல, ஷூ முன்பக்க வலைத்துணி வழியா சலிச்சு இறங்குது. சரின்னு முழு ஷூவையும் மூடுற பாராசூட் துணி கெய்ட்டர் வாங்கி, அதைப் பிடிச்சு வைக்கிற வெல்க்ரோ பட்டையை ஷூவுல பசை போட்டு ஒட்டினா, சூட்டுல இளகி கரெக்டா விரல் மடங்குற இடத்துல பிரிஞ்சுது, வேற பசையும் அதே கதை.

கடைசில செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட குடுத்து, இன்சோலை எடுத்துட்டு, சோலை ஒட்டியே சுத்திவர வெல்க்ரோவைத் தைக்கச் சொன்னேன். கோடு கொஞ்சம் மேல ஏறினாலும் கீழ வலை திறந்துக்கும். உள்ள நூல் உறுத்தாம மெல்லிசா டேப், தையல் மேல ஒரு கோட் பசை. வெயில்ல கால் வீங்கும், அதனால ஒரு சைஸ் பெரிய ஷூவுலயே தைங்க.

அடுத்த நீள ஓட்டத்துல ஒரு சிட்டிகை மணல்தான், அப்பாடா. வெல்க்ரோவுல முள்ளு மாட்டினா பழைய டூத்பிரஷால தேய்ச்சு எடுத்துடுங்க, இல்லன்னா பிடிக்காது.