19-ஆம் நூற்றாண்டுச் சிறுகதைகளில் காதலும் கல்யாணமும்: எப்படி வாசிப்பது?

பழைய ஐரோப்பிய, அமெரிக்கச் சிறுகதைகளைக் கையில் எடுத்ததுமே காதலைத் தேடாதீர்கள். ஏமாந்துதான் போவீர்கள். அந்தக் காலத்து நாவல்கள் பலவும் கல்யாணத்தில் போய் முடியும், ஆனால் நல்ல சிறுகதைகளில் நிறைய, கல்யாணம் ஆகி வருஷங்கள் ஓடிய பிறகுதான் ஆரம்பிக்கின்றன. அதனால் முதலில் பணத்தைப் பாருங்கள், அப்புறம் சட்டத்தைப் பாருங்கள். காதல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அதன் பிறகு தெரியவரும்.

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'நெக்லஸ்' (1884) தொடங்குவதற்கு நல்ல கதை. முதல் பத்தியிலேயே கதாநாயகி மத்தில்துக்கு வரதட்சணை கொடுக்க வழியில்லை என்று வந்துவிடும், நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்வி அமைச்சகத்தில் வேலை பார்க்கும் ஒரு சின்னக் குமாஸ்தாவுக்கு வாழ்க்கைப்படுகிறாள். இப்போது ஒரு பென்சிலை எடுத்து, கதையில் வரும் தொகைகளை ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். விருந்துக்குப் போக உடை, 400 பிராங்க். அது கணவன் தனக்குத் துப்பாக்கி வாங்கச் சேர்த்து வைத்த காசு. இரவல் நகை தொலைந்ததும் அதேபோல ஒன்று வாங்க 36,000 பிராங்க். பாதி அவனுடைய அப்பா விட்டுப்போன பணம், மீதி கடன். அடைக்கப் பத்து வருஷம்.

முதல் தடவை படித்தபோது இது ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்ட ஒருத்தியின் கதை என்று நினைத்து மூடி வைத்துவிட்டேன். தொகைகளைக் குறித்துப் படித்தபோதுதான் கணவன் கண்ணில் பட்டான். பகலெல்லாம் அலுவலகம், ராத்திரியில் பக்கத்துக்கு ஐந்து சூ (சில்லறைக் காசு) கூலிக்கு நகல் எழுதுகிறான், உன்னால்தான் இந்தக் கதி என்று அவளை ஓரிடத்திலும் குத்திக்காட்டவில்லை. அவளும் வேலைக்காரியை நிறுத்திவிட்டுத் தானே தண்ணீர் சுமந்து மாடி ஏறுகிறாள், ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் காதல் பேச்சே கிடையாது. ஆனாலும் இதைவிட அழுத்தமான தாம்பத்தியத்தை அந்தக் காலச் சிறுகதைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசி வரியை இங்கே சொல்லமாட்டேன், நீங்களே போய்ப் பாருங்கள்.

சட்டம் என்று சொன்னேன் இல்லையா? பிரான்சில் 1816-இல் விவாகரத்தையே எடுத்துவிட்டார்கள். அது திரும்ப வந்தது 1884 ஜூலையில், 'நெக்லஸ்' வெளியானது அதே வருஷம் பிப்ரவரியில். இங்கிலாந்தில் 1857 சட்டப்படி, மனைவிக்கு வேறு தொடர்பு உண்டு என்று காட்டினாலே கணவன் மணவிலக்கு வாங்கிவிடலாம். மனைவி கேட்டாலோ அதோடு கொடுமை, கைவிட்டுப் போனது மாதிரி இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும். 'இவள் ஏன் கிளம்பிப் போகவில்லை' என்று எரிச்சல் வரும் இடத்தில், போனால் எங்கே தங்குவாள், யார் சோறு போடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், கதையே வேறு மாதிரி தெரியும்.

சரி, கணவன் நல்லவன், பணக் கஷ்டமும் இல்லை என்றால்? அதற்குத்தான் அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபின் 1894-இல் வெளியிட்ட 'ஒரு மணி நேரத்தின் கதை'. ஆயிரம் சொல்தான் இருக்கும், ஒரு காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம். ரயில் விபத்தில் கணவன் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அவள் அழுகிறாள், அப்புறம் தனியாக அறைக்குப் போய்த் திறந்த ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் சாய்கிறாள். வெளியே வசந்த காலம், மழை வாசனை, கூரையோரம் குருவிகள். அவனுடைய கைகள் அன்பானவை என்று கதையே சொல்கிறது, ஆனாலும் அவள் உதட்டில் வருவது 'விடுதலை' என்ற சொல். இங்கே பெயர்களைக் கவனியுங்கள்: ஆரம்பத்தில் அவள் திருமதி மல்லார்ட் மட்டும்தான், அந்தச் சொல் வந்த பிறகுதான் கதவுக்கு வெளியே நின்று அவளுடைய சகோதரி 'லூயிஸ்' என்று கூப்பிடுகிறாள். இந்த மாதிரிச் சின்ன விஷயங்களுக்காகத்தான் எந்தக் கதையையும் இரண்டு தடவை படிக்கச் சொல்கிறேன்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'நாய்க்காரச் சீமாட்டி' (1899) கொஞ்சம் பொறுமை கேட்கும். கருங்கடலோர ஊரான யால்டாவில் ஒரு ஹோட்டல் அறை. பெரிய தப்புச் செய்துவிட்டதாக அன்னா உடைந்துபோய் உட்கார்ந்திருக்க, அவளோடு உறவு கொண்ட குரோவ் மேசையில் இருந்த தர்பூசணியில் ஒரு துண்டு வெட்டி நிதானமாகத் தின்கிறான். அரை மணி நேரம் பேச்சே இல்லை. அங்கே காதல் இன்னும் வரவில்லை. அது மாஸ்கோவுக்குத் திரும்பிய பிறகு, யாரிடமும் சொல்ல முடியாமல் அவன் தவிக்கும்போது வருகிறது. இரண்டு பேருமே மணமானவர்கள், அன்றைய ரஷ்யாவில் விவாகரத்து திருச்சபையின் கையில். கதை ஒரு தீர்வும் தராமல் நின்றுவிடும், அதை முழுமையில்லாத கதை என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்த மூன்றும் முடிந்ததும் தாமஸ் ஹார்டியின் 'மகனின் மறுப்பு' (1891) படியுங்கள். விதவையான அம்மா தனக்குப் பிடித்த தோட்டக்காரனை மணக்க, படித்த மகன் சம்மதிக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் லண்டன் சந்தைக்குக் காய்கறி வண்டிகள் போவதை அவள் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் வந்ததும் கொஞ்சம் நின்று, மெதுவாகப் படியுங்கள்.