தனிமமா, சேர்மமா, கலவையா? பொருளைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி

படிவம் 1 (மலேசிய இடைநிலைப்பள்ளியின் முதலாண்டு) அறிவியலில் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. விளக்கத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், கையில் ஒரு பொருளைக் கொடுத்து இது எதில் சேரும் என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் பொருளைப் பார்த்துக் கேள்வி கேட்கப் பழக்குங்கள்.

முதல் கேள்வி, உள்ளே இருப்பவற்றின் விகிதத்தை மாற்ற முடியுமா? முடிந்தால் கலவை. பினாங்கு லிட்டில் இந்தியா நகைக்கடைகளில் 916 தங்கம் என்கிறார்களே, ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை என்று அர்த்தம். 750 தங்கமும் உண்டு. விகிதம் மாறுகிறது, அப்போதும் அதைத் தங்கநகை என்றுதான் விற்கிறோம். ஆக, நகை கலவை. ஒரே சீராக மின்னுவதால் பலர் தனிமம் என்று எழுதிவிடுகிறார்கள், இந்த இடத்தில் கண்ணை நம்பவே கூடாது. குத்துவிளக்கின் பித்தளையும் அப்படித்தான், செம்பும் துத்தநாகமும் கலந்தது.

தண்ணீரில் இது நடக்காது. பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் எடுத்த கடல்நீரைக் காய்ச்சி வடித்தாலும் சரி, மழைநீரைக் காய்ச்சி வடித்தாலும் சரி, கிடைக்கும் தூய நீரில் எடைப்படி 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன்தான். விகிதம் நிலையாக நின்றால் சேர்மம் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து, எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். இதற்கு இரும்புத்தூளும் கந்தகமும் போல நல்ல பாடம் வேறில்லை. சாம்பல் நிறத் தூளையும் மஞ்சள் தூளையும் கலந்து, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் இரும்பு மட்டும் கூடவே ஊர்ந்து வரும், மஞ்சள் அங்கேயே கிடக்கும். இது கலவை. அதையே 7 பங்கு இரும்பு, 4 பங்கு கந்தகம் என்று நிறுத்துச் சூடாக்கினால், ஓரிடத்தில் பற்றிய செந்தணல் தானாகவே முழுவதும் பரவி, கடைசியில் கருப்புக் கட்டி ஒன்று மிஞ்சும். அது இரும்பு சல்பைடு, சேர்மம். அதிலிருந்து இரும்பைக் காந்தத்தால் பிரித்தெடுக்க முடியாது, வேதிவினைதான் வேண்டும். (ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.)

வேதிவினையாலும் மேற்கொண்டு உடைக்க முடியாவிட்டால் தனிமம். மொத்தம் 118, தனிம அட்டவணையில் தேடினால் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு பொறி இருக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருப்பதால் அதைச் சேர்மம் என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே வகை அணு, அதனால் தனிமம்தான். குறியீட்டைப் பார்க்கும்போது வெவ்வேறு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எத்தனை தனிமங்களைக் காட்டுகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். கோபால்ட்டுக்கு (Co) முதல் எழுத்து மட்டும் பெரியது, தனிமம். அதே இரண்டு எழுத்தையும் பெரிதாக (CO) எழுதினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, சேர்மம். தேர்வுத்தாளில் இந்த இரண்டாம் எழுத்தைத் தெளிவாக எழுதப் பிள்ளைகளை இப்போதே பழக்கிவிடுங்கள்.